அணு மாதிரிகளும் தமிழ்நாட்டு இயற்பியலாளர்களும்

அணு மாதிரி என்பது அணுவின் உள்ளமைப்பு எப்படி இருக்கும் என்பதை விளக்க அறிவியலாளர்கள் வகுத்துக்கொள்ளும் கருத்துருவம். 1803 முதல் 1932 வரையிலான ஏறத்தாழ 130 ஆண்டுகளில் இக்கருத்துருவம் பலமுறை மாறியது. திடமான உருண்டை, மின்னூட்டம் பரவிய கோளம், நடுவில் கருவும் சுற்றிலும் வெற்றிடமும், படிநிலைகளில் சுற்றும் எலக்ட்ரான்கள், இறுதியில் அலையாகப் பரவிய எலக்ட்ரான் என்று பள்ளிப் பாடநூல்கள் இந்த வரிசையைப் படங்களாகத் தருகின்றன. படங்களாகப் பார்க்கும்போது முந்தையது தவறு, பிந்தையது சரி என்று தோன்றும். நடந்தது அப்படியல்ல. ஒவ்வொரு மாதிரியும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் சொல்லி நிலைபெற்றது. வேறொரு கேள்வி எழுந்தபோது பதில் சொல்ல முடியாமல் இடம்விட்டது.

இவ்வரலாற்றின் பெரும்பகுதி கேம்பிரிட்ஜ், மான்செஸ்டர், கோபன்ஹேகன், மியூனிக் ஆகிய நகரங்களில் நடந்தது. ஆனால் பழைய மாதிரி உடைந்து புதியது எழுந்த 1920-களின் இறுதியில், திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடைய ஒரு குடும்பத்தின் இருவர் அதற்குள் வந்தனர். ஒருவர் சி. வி. ராமன். பாலக்கரையிலிருந்து வடக்கே சென்று காவிரியைக் கடந்தால் வரும் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர். மற்றவர் ராமனின் அண்ணன் சி. சுப்பிரமணியனின் மகன் சு. சந்திரசேகர் (1910-1995). இருவரும் அணு மாதிரி எதையும் உருவாக்கியவர்கள் அல்லர். மாதிரி மாறியதன் விளைவு என்ன என்பதைக் கண்டு காட்டியவர்கள்.

பழஞ்சொல், புதுப்பொருள்

அணு என்ற சொல் தமிழில் மிகப் பழையது. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரில் பல சமயக் கணக்கர்களிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கும் பகுதி இருக்கிறது. அதில் ஆசீவகக் கணக்கர் சொல்லும் அணுக்கொள்கை விரிவானது. அணுக்கள் தொடக்கமற்றவை, அழியாதவை. ஒன்று மற்றொன்றுக்குள் புகாது. நீரின் அணு நிலத்தின் அணுவாக மாறாது. ஓர் அணு இரண்டாகப் பிளவுபடாது என்கிறார் அவர். அணுக்கள் கூடிப் பூதங்களாகும்போது ஒன்று, முக்கால், அரை, கால் என்ற வரிசையில் சேரும், எது மிகுதியோ அதன் பெயரால் அந்தப் பொருள் அழைக்கப்படும் என்றும் சொல்கிறார். தனி அணு ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்கு அவர் காட்டும் உவமை அழகானது: மாலை மங்கலில் ஒற்றை மயிர் தெரியாது, திரண்ட மயிர்க்கற்றை தெரியும்.

இதைக் கொண்டு நவீன அணு இங்கே முன்பே கண்டறியப்பட்டது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் ஆசீவகர்க்கும் நியாயம் செய்வதில்லை, டால்டனுக்கும் நியாயம் செய்வதில்லை. ஆசீவகரின் அணு உலகம் எதனால் ஆனது என்ற மெய்யியல் கேள்விக்கான விடை. அவர் சொன்ன விகிதங்களைத் தராசில் வைத்துச் சோதிக்கும் நோக்கம் அங்கே இல்லை. ஐரோப்பாவிலும் கிரேக்க டெமாக்ரிட்டஸின் அணு இதே நிலையில்தான் ஈராயிரம் ஆண்டுகள் இருந்தது. மாற்றம் வந்தது தராசிலிருந்து.

எடைபோடப்பட்ட அணு

ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர் ஜான் டால்டன் 1803 முதல் தம் குறிப்பேடுகளில் அணுக்களின் ஒப்பு எடைகளைக் கணக்கிடத் தொடங்கினார். 1808-ல் அவை நூலாக வந்தன. அவர் கவனித்தது இது: 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு. இடையில் 20 அல்லது 27 கிராம் என்று சேர்ந்து புதிய சேர்மம் உண்டாவதில்லை. ஆக்சிஜன் சரியாக இரண்டு மடங்காகிறது. பொருள் தனித்தனித் துகள்களால் ஆனது, ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உடையவை என்று கொண்டால் இது இயல்பாக விளங்கும். (எண்கள் இன்றைய மதிப்பில் தரப்பட்டுள்ளன, டால்டனின் அளவீடுகள் இவ்வளவு துல்லியமானவை அல்ல.)

டால்டனின் அணுவுக்கு உள்ளமைப்பு கிடையாது. வேதியியலுக்கு அப்போது அது தேவைப்படவும் இல்லை. அவருடைய சிக்கல் வேறு. நீரில் ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் இருப்பதாக அவர் கருதியதால், ஆக்சிஜனின் எடை இன்றைய மதிப்பில் பாதிக்கும் குறைவாக வந்தது. அவகாட்ரோ 1811-லேயே இதைத் திருத்தும் வழியைச் சொன்னார். ஆனால் 1860-ல் கார்ல்ஸ்ரூவே மாநாட்டில் கன்னிசாரோ எடுத்து விளக்கிய பிறகே வேதியியலாளர்கள் அதை ஏற்கத் தொடங்கினர். ஒன்பது ஆண்டுகளில் மெண்டலீவின் தனிம அட்டவணை வந்துவிட்டது.

அணு உண்மையிலேயே இருக்கிறதா, கணக்குக்கு வசதியான கற்பனையா என்ற ஐயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. அணுவின் உட்பகுதியை ஆராயும் வேலை தொடங்கிய பிறகும் அணுவே இல்லை என்று சொன்ன பெரிய வேதியியலாளர்கள் இருந்தார்கள் என்பது இன்று வியப்பாகத் தோன்றும்.

எலக்ட்ரானும் கோளமும்

1897-ல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சன் கேதோடு கதிர்களை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்து, அவை ஹைட்ரஜன் அணுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் எடை குறைந்த எதிர்மின் துகள்கள் என்று காட்டினார். எந்த உலோகத்தை மின்வாயாக வைத்தாலும் அதே துகள்தான் வந்தது. பிளக்க முடியாதது என்று கருதப்பட்ட அணுவுக்குள் உறுப்புகள் இருப்பது இப்படித் தெரிந்தது. (தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எலக்ட்ரான் என்று வழங்கும் இத்துகளை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இலத்திரன் என்கின்றன, அவ்வாறே புரோத்தன், நியூத்திரன்.)

அணு மொத்தத்தில் மின்னூட்டம் அற்றது. எனவே எலக்ட்ரான்களின் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்ய நேர்மின்னூட்டம் எங்கோ இருக்க வேண்டும். அது அணு முழுவதும் சீராகப் பரவிய கோளம் என்றும், எலக்ட்ரான்கள் அதற்குள் வளையங்களாக அமைந்து இயங்குகின்றன என்றும் 1904-ல் தாம்சன் கணக்கிட்டார். பாடநூல்கள் இதைத் தர்பூசணிப் பழத்தோடு ஒப்பிடும். ஒப்புமை நினைவில் நிற்கும், ஆனால் தாம்சனின் எலக்ட்ரான்கள் தர்பூசணி விதைகளைப் போல அசையாமல் கிடந்தவை அல்ல. எத்தனை எலக்ட்ரான்கள் இருந்தால் வளையங்கள் நிலைத்திருக்கும் என்பதே அவருடைய ஆராய்ச்சி. தனிம அட்டவணையின் ஒழுங்கை அணுவுக்குள் எலக்ட்ரான்கள் அமையும் முறையால் விளக்கும் முயற்சி அங்கேதான் தொடங்கியது. அதே ஆண்டில் ஜப்பானின் நாகஓக்கா, சனிக்கோளையும் அதன் வளையங்களையும் போன்ற ஓர் அணுவை முன்வைத்தார். அந்த அமைப்பு நிலைத்திருக்காது என்று மற்றவர்கள் காட்டியதால் அவரே அதைக் கைவிட்டார்.

கரு

நியூசிலாந்தில் பிறந்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு தாம்சனின் மாணவர். 1909-ல் மான்செஸ்டரில் அவருடைய வழிகாட்டலில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின் மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினர். இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்பைடு திரையில் தோன்றும் ஒவ்வொரு ஒளிப்பொட்டையும் கண்ணால் பார்த்து எண்ண வேண்டிய வேலை அது. பெரும்பாலான துகள்கள் ஏறத்தாழ நேராகச் சென்றன. மிகச் சில, சுமார் 8,000-ல் ஒன்று, வந்த பக்கமே திரும்பின.

தாம்சனின் கோளத்தில் மின்னூட்டம் பரவிக் கிடப்பதால் எந்த இடத்திலும் விசை வலுவாக இருக்காது. வேகமான ஆல்ஃபா துகளைத் திருப்பி அனுப்ப அதனால் முடியாது. சிறுசிறு திருப்பங்கள் பல சேர்ந்து பெரிய திருப்பம் ஆகலாம் என்றால், அதற்கான நிகழ்தகவு அளவிடப்பட்டதைவிட மிக மிகக் குறைவு. 1911-ல் ரூதர்ஃபோர்டு தம் விடையை வெளியிட்டார்: அணுவின் மின்னூட்டமும் ஏறத்தாழ முழு எடையும் நடுவே ஒரு மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்கின்றன.

அணுவின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். கருவோ அதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. திருச்சிக்காரர்களுக்கு ஓர் அளவு சொல்லலாம். ஒரு தங்க அணுவை ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழாம் பிராகார மதில் முழுவதையும் நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் கரு கருவறையில் வைத்த ஓர் எலுமிச்சம்பழம். மதிலுக்கும் எலுமிச்சைக்கும் இடையில் வீதிகள் இல்லை, கோபுரங்கள் இல்லை. அங்கங்கே 79 எலக்ட்ரான்கள் மட்டும்.

இக்கட்டுரை வெளிவந்தபோது யாரும் பரபரப்படையவில்லை. அதே 1911-ன் இறுதியில் பிரசெல்சில் நடந்த முதல் சால்வே மாநாட்டில் ரூதர்ஃபோர்டு கலந்துகொண்டும் அணுக்கரு அங்கே பேசுபொருளாகவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. வளைந்து சுற்றும் மின் துகள் ஒளியாக ஆற்றலை இழக்கும் என்பது அன்றைய மின்காந்தவியலின் உறுதியான முடிவு. அப்படி இழந்தால் எலக்ட்ரான் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் கருவில் விழுந்துவிட வேண்டும். ஆல்ஃபா துகள் ஏன் திரும்புகிறது என்பதற்கு விடை சொன்ன மாதிரியால், அணு ஏன் நொறுங்காமல் இருக்கிறது என்பதற்கு விடை சொல்ல முடியவில்லை.

போர் சேர்த்த விதி

டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர் 1912-ல் மான்செஸ்டரில் சில மாதங்கள் தங்கினார். 1913-ல் வெளியான அவருடைய மூன்று கட்டுரைகள், எலக்ட்ரான் சில குறிப்பிட்ட பாதைகளில் மட்டுமே இருக்கலாம், அப்பாதைகளில் இருக்கும்வரை ஆற்றலை இழக்காது, ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதுதான் ஒளி வெளிப்படும் அல்லது உட்கவரப்படும் என்று கூறின. ஏன் இழக்காது என்பதற்கு விளக்கம் இல்லை. அது விதியாகவே வைக்கப்பட்டது.

விதி தந்த பலன்தான் அதைக் காப்பாற்றியது. ஹைட்ரஜன் எலக்ட்ரானின் முதல் நிலையின் ஆற்றல் மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட். இரண்டாம் நிலை அதை 4-ஆல் வகுத்தால் மைனஸ் 3.4, மூன்றாம் நிலை 9-ஆல் வகுத்தால் மைனஸ் 1.51. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 1.89 எலக்ட்ரான் வோல்ட். அதற்குரிய அலைநீளம் 656 நானோமீட்டர். ஹைட்ரஜன் நிறமாலையின் சிவப்புக் கோடு சரியாக அங்கேதான் இருக்கிறது. சுவிட்சர்லாந்துப் பள்ளி ஆசிரியர் பால்மர் 1885-ல் வெறும் எண்களை வைத்துக் கண்டுபிடித்த சூத்திரத்துக்கு முதன்முறையாகக் காரணம் கிடைத்தது.

இன்னொரு சோதனை இதைவிடக் கூர்மையானது. சில நிறமாலைக் கோடுகள் ஹைட்ரஜனுடையவை அல்ல, ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்துடையவை என்றார் போர். அப்படியானால் விகிதம் 4 வர வேண்டும், அளந்தால் 4.0016 வருகிறதே என்று லண்டனின் ஆல்ஃபிரட் ஃபௌலர் மறுத்தார். கருவும் சற்றே அசைவதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று போர் மறுபடி கணக்கிட்டார், 4.0016 வந்தது. எதிர்ப்பாகச் சொல்லப்பட்ட எண்ணே சான்றாகிவிட்டது.

ஆனாலும் ரூதர்ஃபோர்டு கட்டுரையின் கைப்படியைப் படித்தவுடனேயே ஓர் ஐயத்தை எழுதியிருந்தார். எந்த அதிர்வெண்ணில் ஒளியை வெளியிடுவது என்பதை எலக்ட்ரான் எப்படி முடிவு செய்கிறது? எங்கே போய் நிற்கப் போகிறோம் என்பது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே? இந்தக் கேள்விக்குப் போரின் மாதிரிக்குள் விடை இல்லை.

மியூனிக் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு 1915-16-ல் வட்டப்பாதைகளோடு நீள்வட்டப் பாதைகளையும் சேர்த்து, சார்பியலையும் நுழைத்து, நிறமாலைக் கோடுகளின் நுண்பிளவை விளக்கினார். 1919-ல் அவர் எழுதிய அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும் என்ற பெருநூல் ஒரு தலைமுறைக்கே பாடநூல் ஆனது. இந்தியாவில் மேகநாத் சாகா 1920-ல் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு, போர் காட்டிய அணுவை விண்மீன்களின் வளிமண்டலத்துக்குக் கொண்டுபோனது. வெற்றிகள் குவிந்தன. ஆனால் இரண்டே எலக்ட்ரான்கள் உள்ள நடுநிலை ஹீலியத்தின் நிறமாலையைக் கணக்கிட முயன்ற எல்லோரும் தோற்றனர்.

1925 ஜூலையில் ஹைசன்பெர்க் எலக்ட்ரானின் பாதை என்ற கருத்தையே கைவிட்டார். அளக்கக்கூடிய அதிர்வெண்களும் செறிவுகளும் மட்டும் போதும் என்றார். அதே ஆண்டில் பௌலி தவிர்க்கைத் தத்துவத்தைக் கூறினார். 1926-ல் ஷ்ரோடிங்கர் எலக்ட்ரானுக்கு அலைச்சமன்பாடு எழுதினார். அந்த அலை, எலக்ட்ரான் எங்கே காணப்படும் என்பதன் நிகழ்தகவைத் தருகிறது என்று மாக்ஸ் போர்ன் பொருள் சொன்னார். பதினெட்டு மாதங்களுக்குள் சுற்றுப்பாதை மறைந்து ஆர்பிட்டால் வந்தது. ஹீலியமும் கணக்குக்கு அடங்கியது.

ராமனின் மாறிய நிறம்

ராமன் தொடக்கத்தில் அணு இயற்பியலாளர் அல்லர். கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டு இசைக்கருவிகளின் ஒலியையும் ஒளிச்சிதறலையும் ஆராய்ந்தவர். 1921-ல் இங்கிலாந்து சென்றபோது தாம்சனையும் ரூதர்ஃபோர்டையும் சந்தித்தார். 1923-ல் காம்ப்டன், எக்ஸ் கதிர் எலக்ட்ரானில் மோதிச் சிதறும்போது அதன் அலைநீளம் மாறுவதைக் காட்டியது ராமனின் சிந்தனையைத் தூண்டியது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இது போன்ற ஒன்று நடக்க வேண்டும் என்று அவர் எண்ணினார்.

1928 பிப்ரவரி 28 அன்று அது உறுதியானது. உடனிருந்து சோதனைகள் செய்தவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் நீல ஒளியை பென்சீனில் செலுத்தினால், சிதறிய ஒளியில் 455 நானோமீட்டருக்கு அருகில் மங்கிய புதுக்கோடு ஒன்று தெரிகிறது. இரண்டுக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு பென்சீன் மூலக்கூறின் ஓர் அதிர்வுநிலையின் ஆற்றலுக்குச் சமம். ஒளித்துகள் அந்த அளவை மூலக்கூறுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியிருக்கிறது. கொடுக்கல் வாங்கல் குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே நடக்கும் என்ற 1913-ன் விதி அணுவுக்கு மட்டுமல்ல, அணுக்கள் சேர்ந்த மூலக்கூறின் அதிர்வுக்கும் சுழற்சிக்கும் பொருந்தும் என்பது எளிய கருவிகளால் கண்முன் தெரிந்தது.

இது எதிர்பாராத இடத்திலிருந்து வந்ததல்ல. ஸ்மெகல் 1923-லேயே இத்தகைய சிதறலைக் கோட்பாட்டளவில் கூறியிருந்தார். 1925-ல் கோபன்ஹேகனில் கிராமர்சும் ஹைசன்பெர்க்கும் எழுதிய சிதறல் சூத்திரத்திலும் அது இருந்தது. ஹைசன்பெர்க் பாதைகளைக் கைவிடுவதற்கு அந்தக் கட்டுரை முக்கியமான முற்படி. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டல்ஷ்டாமும் அதே காலத்தில் படிகங்களில் இதைக் கண்டனர். ராமனும் கிருஷ்ணனும் முந்திக்கொண்டு வெளியிட்டனர். ஒன்றிரண்டு பொருள்களில் அல்ல, பல திரவங்களில் காட்டியிருந்தனர். 1930-ம் ஆண்டின் நோபல் பரிசுக்கு ராமனை முன்மொழிந்தவர்களில் ரூதர்ஃபோர்டும் போரும் இருந்தனர். பாடநூலில் அடுத்தடுத்த பக்கங்களில் வரும் இரண்டு அணு மாதிரிகளின் சொந்தக்காரர்கள் அவர்கள்.

சென்னையில் ஒரு சந்திப்பு

1928-ன் பிற்பகுதியில் சோமர்ஃபெல்டு இந்தியாவில் பயணம் செய்தார். கல்கத்தாவில் அவர் அலை இயக்கவியல் பற்றி ஆற்றிய உரைகள் பின்னர் அங்கேயே நூலாக வெளிவந்தன. சென்னையில் மாநிலக் கல்லூரியில் பேசினார்.

அப்போது அக்கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தவர் சந்திரசேகர். வயது பதினெட்டை ஒட்டி. சோமர்ஃபெல்டின் அந்தப் பெருநூலை முழுவதும் படித்திருந்தார். நூலாசிரியரை அவர் தங்கியிருந்த விடுதியிலேயே போய்ப் பார்த்தார். அணு இயற்பியலில் தமக்கு ஆர்வம் உண்டு என்றும், நூலைப் படித்திருப்பதாகவும் சொன்னார். சோமர்ஃபெல்டு சொன்ன பதில் இளைஞருக்கு அதிர்ச்சியாக இருந்தது. அந்த நூலுக்குப் பிறகு இயற்பியல் அடியோடு மாறிவிட்டது; ஹைசன்பெர்க், ஷ்ரோடிங்கர், டிராக், பௌலி ஆகியோர் புதிதாக ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள் என்றார் அவர்.

ஒரு மாதிரி மாறுவது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. ஐரோப்பாவின் மூன்று நான்கு நகரங்களில் இருந்தவர்களுக்கு அந்த மாற்றம் வாரந்தோறும் வந்த செய்தி. கப்பலில் வரும் இதழ்களை நம்பியிருந்த சென்னை மாணவருக்கு, அரும்பாடுபட்டுக் கற்ற நூல் பழையதாகிவிட்டது என்பதை அந்த நூலை எழுதியவரே வந்து சொல்ல வேண்டியிருந்தது. சந்திரசேகருக்கு வாய்த்த நல்லூழ், சோமர்ஃபெல்டு அத்தோடு நிறுத்தவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்களின் நடத்தை குறித்துத் தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப்படியை அவரிடம் கொடுத்தார். அதில் ஃபெர்மி-டிராக் புள்ளியியல் பயன்படுத்தப்பட்டிருந்தது.

சந்திரசேகர் அதைப் படித்து, சில மாதங்களில் அப்புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலில் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதைக் கேம்பிரிட்ஜின் ஆர். எச். ஃபௌலருக்கு அனுப்பினார் (முன்பு போரை மறுத்த ஃபௌலர் வேறொருவர், இவர் ரூதர்ஃபோர்டின் மருமகன்). 1929-ல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஹைசன்பெர்க் சென்னைக்கு வந்தபோது அவருக்கு நகரைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு சந்திரசேகருக்குத் தரப்பட்டது. ஓராண்டுக்கு முன் பெயராக மட்டும் கேட்டவரோடு காரில் போகும் வாய்ப்பு.

அணுவிலிருந்து விண்மீனுக்கு

பௌலியின் தத்துவம் சொல்வது எளிது: ஓர் அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் எல்லா வகையிலும் ஒரே நிலையில் இருக்க முடியாது. சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அமைவதும், அந்தக் கடைசி ஒன்றால் சோடியம் நீரில் தீப்பற்றுவதும் இதனால்தான். தனிம அட்டவணை முழுவதும் இந்த ஒரு தடையின் மேல் நிற்கிறது.

ஃபௌலர் 1926-ல் இதே தடையை வெண் குறுமீன்களில் பார்த்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய இந்த விண்மீன்களில் எலக்ட்ரான்கள் நெருக்கித் தள்ளப்படுகின்றன. கீழ்நிலைகள் நிறைந்துவிட்டதால் மீதமுள்ளவை உயர் ஆற்றல் நிலைகளில் இருந்தாக வேண்டும். விண்மீன் குளிர்ந்தாலும் இந்த அழுத்தம் குறையாது. அதுவே விண்மீனைத் தாங்குகிறது.

சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் ஃபௌலரிடம் ஆராய்ச்சி செய்யப் போகும் பயணம். வழியில் ஃபௌலரின் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். விண்மீனின் மையத்தில் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது, எனவே சார்பியலைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் கவனித்த புள்ளி. சேர்த்தால், ஓர் அளவுக்கு மேல் எடையுள்ள விண்மீனை அந்த அழுத்தத்தால் தாங்க முடியாது என்ற முடிவு வந்தது. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்ளப்படும் சந்திரசேகர் எல்லை இதுவே.

1935 ஜனவரியில் லண்டனில் வானியல் கழகக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் இதைக் கடுமையாக எள்ளி நகையாடினார். விண்மீன் அப்படி நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். போரும் பௌலியும் சந்திரசேகரின் பக்கமே நியாயம் என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டனர், வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை. வானியலாளர்களின் சண்டை என்று அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அவையில் விசாரணைக்கு வந்தது பௌலியின் தத்துவமே. அதற்காக வாதாடியவர் இருபத்து நான்கு வயதுத் தமிழர் ஒருவர் மட்டும். அவருக்கு நோபல் பரிசு 1983-ல் வந்தது.

கருவுக்குள்ளும் பாடநூலுக்குள்ளும்

அணு மாதிரியில் பாக்கியிருந்த ஒரு பெரிய இடைவெளியை 1932-ல் சாட்விக் நிரப்பினார். ஹீலியம் கருவின் மின்னூட்டம் 2, எடை 4 என்று ஏன் இருக்கிறது என்பதற்கு, கருவுக்குள் எலக்ட்ரான்களும் இருக்கின்றன என்று அதுவரை சொல்லிவந்தார்கள். நியூட்ரான் கிடைத்தபின் அந்தச் சிரமம் தீர்ந்தது. புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை என்ற கருத்து 1964-ல் வந்தது. சில ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் எலக்ட்ரான்களைப் புரோட்டான்மீது செலுத்திப் பார்த்தபோது, ரூதர்ஃபோர்டு கண்டதைப் போலவே எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சில எலக்ட்ரான்கள் பெரும் கோணத்தில் சிதறின. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே உத்தி, அதே வகையான விடை.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை இயற்பியல் படித்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், அணுவின் உட்துகள்களும் கதிரியக்கச் சிதைவின் அரைவாழ்வுக் காலமும் தமக்கு அங்கேதான் அறிமுகமாயின என்று தம் வாழ்க்கை வரலாற்றில் நினைவுகூர்கிறார். சென்னை மாணவர் ஒருவருக்கு நூலாசிரியரே நேரில் வந்து சொல்ல வேண்டியிருந்த செய்திகள், ஒரு தலைமுறைக்குள் காவிரிக்கரைக் கல்லூரி வகுப்பில் பாடமாகியிருந்தன.

இன்றைய தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ரூதர்ஃபோர்டையும் போரையும் படிக்கிறார். பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் குவாண்டம் இயக்கவியல் மாதிரி வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வட்டம் வட்டமாக வரைந்த எலக்ட்ரான் பாதைகள் உண்மையில் இல்லை என்று அப்போது சொல்லப்படுகிறது. பலர் இதைப் பாடத்திட்டத்தின் குளறுபடி என்று நினைக்கிறார்கள். முன்பே அலைச்சார்பைக் கற்பித்தால் என்ன என்றும் கேட்கிறார்கள். ஆனால் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டைக் கணக்கிட மைனஸ் 13.6-ஐ 4-ஆலும் 9-ஆலும் வகுக்கத் தெரிந்தால் போதும். அதே விடைக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின் வழியே போனால் பல பக்கங்கள் ஆகும். சமன்பாடுகளை ஈடுசெய்ய இன்றும் டால்டனின் உருண்டை போதுமானது. போதாத இடம் எது என்பதை அந்த மாதிரியைக் கற்பிக்கும்போதே ஒரு வரியில் சொல்லிவிட்டால், பதினொன்றாம் வகுப்பில் ஏமாற்றப்பட்ட உணர்வு வராது. பாடநூல்களில் பெரும்பாலும் விடுபடுவது அந்த ஒரு வரிதான்.

மிக எளிய அணுவிலும் அளவிடும் வேலை முடிந்தபாடில்லை. 2010-ல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெர்ரர் நிறுவனத்தில், ஹைட்ரஜனின் எலக்ட்ரானுக்குப் பதில் சுமார் 200 மடங்கு எடை கூடிய மியூவானை வைத்துப் புரோட்டானின் ஆரத்தை அளந்தனர். அதுவரை ஏற்கப்பட்டிருந்த 0.877 ஃபெம்டோமீட்டருக்குப் பதில் 0.842 வந்தது. நான்கு விழுக்காடு வேறுபாடு. ஆனால் பிழை எல்லையைத் தாண்டி மிகத் தள்ளியிருந்தது. குவாண்டம் மாதிரியிலேயே ஏதோ குறையா என்று சில ஆண்டுகள் பேசப்பட்டது. 2019-ல் சாதாரண ஹைட்ரஜனைக் கொண்டு கனடாவிலும், எலக்ட்ரான் சிதறலைக் கொண்டு அமெரிக்காவிலும் செய்த புதிய அளவீடுகள் சிறிய மதிப்பின் பக்கமே வந்தன. பழைய அளவீடுகள் ஏன் பெரிதாக வந்தன என்பதை இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள்.